இரண்டாவது கண்ட்ரோலர்

"பையனுக்கு என்ன வயசு மேடம்?"

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்னக் கடையில், "கேம் கன்சோல் ஒண்ணு வேணும்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"பொண்ணுக்கு. பதினஞ்சு வயசு" என்றேன்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு நொடி யோசித்தார். பிளேஸ்டேஷன் 5 பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். "அப்போ இது போதும் மேடம். இது லேடீஸ்கூட ஆடுவாங்க." அது நிண்டெண்டோ ஸ்விட்ச். என் மகள் கேட்டதும் அதையேதான். முப்பதாயிரத்தை ஒட்டிய தொகையை என் நிலுவைச் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். நிண்டெண்டோ இந்தியாவில் தானாகக் கடை விரிக்காததால் ஸ்விட்ச் இங்கே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வணிகர்கள் வழியாகத்தான் கிடைக்கிறது. பில்லில் 'ஒரு வருடம் கடை வாரண்டி' என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். எழும்பூரில் ரயில் ஏறினேன். தாம்பரம் வந்து சேரும்வரை அவர் சொன்ன இரண்டு சொற்கள் என் கூடவே வந்தன. 'போதும்', 'கூட'. தமிழ் நடத்துகிறவளுக்கு இடைச்சொற்களின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு.

ஆற்றலில் பிளேஸ்டேஷனுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத கருவி இது. படத்தின் துல்லியம் குறைவு, வேகம் குறைவு. அப்படியும் உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஏன்? ஒரு கருவி கோடிக்கணக்கில் விற்கிறது, அதைவிட வலுவான இன்னொன்று கிடங்கில் தூங்குகிறது. இதை எது தீர்மானிக்கிறது? நான் பொறியாளர் இல்லை, வணிகம் படித்தவளும் இல்லை. ஆனால் கடைக்காரரின் அந்த முதல் கேள்வியில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்று தோன்றியது. அதை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். முதலில் எங்கள் வீட்டுக்கு.

1992. மேற்குத் தாம்பரம். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்குப் பத்து. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஆயுத பூஜைக்கு முன்னால் போனஸ் வந்தது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கடைசி நிறுத்தமான கடற்கரையில் இறங்கினால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள் அவை. அன்றைய சென்னைக்கு வெளிநாட்டுச் சாமான் என்றால் அதுதான் வாசல். அப்பா தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். திரும்பும்போது கையில் ஒரு டிவி கேம்.

நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்ற ஃபேமிகாமின் நகல் அது. அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் போன அந்தக் கருவி மொத்தம் 6 கோடிக்கு மேல் விற்றது. நகல்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. இங்கே மீடியா, சாமுராய் என்ற பெயர்களில் விற்ற பெட்டிகளுக்கும், ரஷ்யாவில் அதே 1992-இல் வந்த டெண்டிக்கும் மூலம் ஒன்றுதான். நகல் ஏன் இவ்வளவு விற்றது என்பதற்குக் கணக்கு எளிது. அசல் நிறுவனங்கள் பெட்டியை மலிவாக, சில சமயம் நஷ்டத்துக்கே விற்றுவிட்டு, பிறகு ஒவ்வொரு கேசட்டிலும் லாபத்தை எடுப்பார்கள். வேறு கேசட் ஓடாதபடி பூட்டுச் சில்லும் வைப்பார்கள். நகல்காரனுக்குப் பெட்டியை விற்றால் முடிந்தது. ஒரே கேசட்டில் நூறு ஆட்டங்களை அடைத்துக் கொடுத்துவிடுவான். என் அப்பாவின் சம்பளத்தில் அசல் கேசட் ஒன்றைக்கூட நாங்கள் வாங்கியிருக்க முடியாது. விலைக்கும் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தை எது குறைக்கிறதோ அது விற்கும். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதில் இரண்டு ஜாய்ஸ்டிக். அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கண்ட்ரோலர் என்ற சொல் பின்னால் வந்தது. முதலாவதின் நடுவில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு சின்ன பட்டன்கள். இரண்டாவதில் அவை கிடையாது. அசல் ஃபேமிகாமிலும் இதே ஏற்பாடுதான். அங்கே இரண்டாவதில் அந்தப் பட்டன்களுக்குப் பதிலாக ஒரு மைக் வைத்திருந்தார்கள் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். எங்கள் நகலில் மைக்கும் இல்லை. இரண்டாவதைப் பிடிப்பவர் ஆடலாம். ஆட்டத்தைத் தொடங்க முடியாது, நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது.

முதலாவது தம்பிக்கு. இரண்டாவது பக்கத்து வீட்டுப் பையனுக்கு. அவன் டியூஷன் போயிருக்கும் நேரத்தில் மட்டும் எனக்கு. மாரியோவில் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாம் ஆளுக்கு முறை வரும். தம்பி சாகவே மாட்டான். நான் ஒருநாள் அவன் இல்லாதபோது ஆடியதைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது முதல் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போவான். அப்பா சிரித்தார். "விவரமான பையன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேசட்டை ஊதிக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் அடுக்களையிலிருந்து என் பெயர் கேட்கும். தம்பியின் பெயர் கேட்டு நான் அறிந்ததில்லை.

அந்தத் தை மாதம் நான் வயதுக்கு வந்தேன். தெருவில் பாண்டி ஆடுவது அதோடு நின்றது. பின்னாளில் சங்க அகப்பாடல்களில் மகளிர் விளையாட்டைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. கழங்கு ஆடுகிறார்கள், ஓரை ஆடுகிறார்கள், கடற்கரையில் நண்டை விரட்டுகிறார்கள், ஊசல் ஆடுகிறார்கள். பிறகு இற்செறிப்பு. பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காப்பது. அகத்துறை என்று நாம் அதை அழகாக வகைப்படுத்தி வைத்திருக்கிறோம். எனக்கு அது ஹாலின் மூலையில், ஊதிக் கொடுத்த கேசட்டோடு நினைவிருக்கிறது. தெரு மூடிய பிறகு விளையாட்டுக்கு மிஞ்சிய ஒரே இடம் ஹால். அங்கே ஸ்டார்ட் பட்டன் தம்பியிடம் இருந்தது.

இந்த ஏற்பாடு இயற்கையானது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பையன்களுக்கு இயந்திரம் பிடிக்கும், பெண்களுக்குப் பிடிக்காது, அதனால் கடைக்காரர் பையனின் வயதைக் கேட்கிறார் என்று. ஆனால் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1980களின் முற்பகுதியில் அட்டாரி தன் விளம்பரங்களில் அப்பா, அம்மா, மகள், மகன் எல்லோரையும் ஒரே டிவி முன்னால் உட்காரவைத்தது. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. தரமில்லாத ஆட்டங்கள் அளவுக்கு மீறிக் குவிந்ததே அதற்குப் பெரிய காரணம். 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த விற்பனை இரண்டே ஆண்டுகளில் 10 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது. வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஓடினார்கள்.

1985-இல் நியூயார்க்கில் நுழைந்த நிண்டெண்டோ ஒரு தந்திரம் செய்தது. கருவிக்கு 'எண்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் சூட்டி, கூடவே ஒரு குட்டி ரோபோவையும் வைத்து, பொம்மை என்று சொல்லி விற்றது. தந்திரம் பலித்தது. ஆனால் பொம்மைக் கடைக்குள் போனதும் ஒரு கேள்வி காத்திருந்தது. இது பையன்கள் வரிசைக்கா, பெண் குழந்தைகள் வரிசைக்கா? பொம்மைக் கடையில் இரண்டுக்கும் பொதுவான வரிசை கிடையாது. ரோபோ பையன்கள் வரிசைக்குப் போனது. அதன் பிறகு விளம்பரம் பையன்களிடம் பேசியது. பையன்கள் வாங்கினார்கள். பையன்கள்தான் வாங்குகிறார்கள் என்று கணக்கு காட்டி, மேலும் பையன்களுக்காகவே ஆட்டங்கள் செய்தார்கள். 1989-இல் வந்த கைக்கருவிக்குப் பெயரே கேம் பாய்.

அந்தக் கேம் பாய் கதைதான் என்னை நிறுத்தியது. கறுப்பு வெள்ளைகூட இல்லாத, பச்சையடித்த மங்கல் திரை. அதற்கு எதிராகச் செகா நிறுவனம் 1990-இல் வண்ணத் திரையோடு கேம் கியரைக் கொண்டுவந்தது. யார் வென்றிருக்க வேண்டும்? கேம் கியருக்கு ஆறு பேட்டரி வேண்டும், அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலு பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. கூடவே டெட்ரிஸ் என்ற ஆட்டத்தைச் சேர்த்தே கொடுத்தார்கள். மேலிருந்து கட்டைகள் விழும், அடுக்கினால் மறையும். அதில் காப்பாற்ற இளவரசி இல்லை, சுட எதிரி இல்லை. யாரும் ஆடலாம், எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கலாம். கேம் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய் பழகித் தேய்ந்த, மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதையே தன் கொள்கையாக வைத்திருந்தவர். அடுக்களை அறிந்த பெண்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நேற்றைய சாதத்தை இன்றைய பலகாரமாக்கத் தெரிந்தவர்கள் நாம். பிறகு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து அது 11 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் ஒரு கோடி.

இதில் இன்னொரு எண் இருக்கிறது. 1995-இல் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை வெளியிட்ட கணக்கில் கேம் பாய் ஆடுபவர்களில் 46 விழுக்காட்டினர் பெண்கள். டிவியில் செருகி ஆடும் என்.இ.எஸ். கருவியில் அது 29. அதே நிறுவனம், அதே மாரியோ, பெயரிலேயே 'பாய்'. வேறுபாடு ஒன்றுதான். கேம் பாய்க்கு ஹால் டிவி வேண்டாம். யாரிடமும் முறை கேட்க வேண்டாம். போர்வைக்குள், மொட்டை மாடியில், பேருந்தில், அரை மணி நேரம் கிடைத்தால் அரை மணி நேரம். பெண்களுக்கு விளையாட்டு பிடிக்காமல் இல்லை, டிவி அவர்களிடம் இல்லை. இந்த எண்ணைப் படித்த இரவு எனக்குப் பழைய ஹால் கனவில் வந்தது.

இந்த வேறுபாட்டை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி தந்த தி.மு.க. அரசு அதை வீடுவீடாகக் கொடுத்தது. அது குடும்பத்துக்கு வந்த திரை. யார் கையில் ரிமோட் என்பது அந்தந்த வீட்டு அரசியல். 2011-இல் வந்த அ.தி.மு.க. அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. அது பெண்ணின் பெயருக்கே வந்த திரை. என் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்ல என் பேர்ல வந்த முதல் சாமான் அதான் மேம்." நான் தேர்வுத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். "அதுல என்ன பண்ணே?" என்றேன். புராஜெக்ட், பாட்டு, படம் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கேமும் ஆடினேன் மேம்" என்றாள், ஏதோ திருடியவள் போல.

2000-த்தின் பெரிய வெற்றி பிளேஸ்டேஷன் 2. 16 கோடி அளவுக்கு விற்ற அதை இன்றுவரை எந்த ஹால் கருவியும் முந்தவில்லை. காரணங்களை வரிசைப்படுத்தலாம். அதற்கு முந்தைய கருவியின் ஆட்டங்களும் அதில் ஓடின, பழைய வட்டுகளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆட்டங்களைச் செய்பவர்கள் எல்லோரும் அங்கேயே குவிந்தார்கள், விலையும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் டிவிடி போட்டுப் படம் பார்க்கலாம். "படம் பார்க்கத்தாம்மா" என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவர முடிந்த கருவி. செகாவின் டிரீம்காஸ்ட் அதற்கு முன்பே வந்தது, நல்ல கருவி. அதில் டிவிடி ஓடாது. 2001-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள், 1 கோடியைக்கூட எட்டவில்லை.

பிளேஸ்டேஷன் 2 தாம்பரத்துக்கு வீடுகள் வழியாக வரவில்லை, பார்லர்கள் வழியாக வந்தது. நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த காலத்தில் முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும் இடத்துக்கு எதிரே அப்படி ஒன்று இருந்தது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவு, உள்ளே நாலைந்து டிவி, மணிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. ஒரு கருவியை வாங்க முடியாத ஊரில் நாற்பது பேர் சேர்ந்து அதை ஆடுவதற்கான வழி அது. வாசலில் செருப்புகள் கிடக்கும். இரண்டு ஆண்டுகள் அந்தச் செருப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் செருப்பைப் பார்த்ததில்லை. உள்ளே போகக்கூடாது என்று யாரும் பலகை வைக்கவில்லை. எனக்கும் ஒருநாள் மழையில் அங்கே ஒதுங்கத் தோன்றியது. ஒதுங்கவில்லை. எதிர்ச் சாரியில் நனைந்தபடி நின்றேன்.

பெண்களை எண்ணிப் பார்த்த நிறுவனம் என்று வரலாற்றில் ஒன்றைக் காட்டச் சொன்னால் எல்லோரும் வீயைக் காட்டுவார்கள். 2006. பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர். இந்தியாவுக்கு 2007-இல் வந்தபோது 39,990 ரூபாய், அன்று என் தொகுப்பூதியத்தில் பல மாதச் சம்பளம். நிண்டெண்டோவின் வீ அமெரிக்காவில் 249 டாலர், ஆற்றலில் எல்லோருக்கும் பின்னால். நிறுவனத் தலைவர் சடோரு இவாடா தன் பொறியாளர்களிடம் மூன்று டிவிடி பெட்டிகளை அடுக்கிக் காட்டி, கருவி இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்றாராம். சத்தம் கூடாது, மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும், கண்ட்ரோலர் யாரையும் பயமுறுத்தாமல் டிவி ரிமோட் போல இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பிடிக்காத சாமான் வீட்டில் நிலைக்காது என்று அவர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். கையை வீசினால் திரையில் பந்து பறந்தது. தாத்தா பாட்டிகள் ஆடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது. 2012-இல் அதன் அடுத்த கருவிக்கு 'வீ யூ' என்று பெயர் வைத்தார்கள். அது புதுக் கருவியா, பழையதற்கு ஒரு துணைச்சாமானா என்று வாங்க வந்த பெற்றோருக்கே புரியவில்லை. 1.35 கோடியோடு முடிந்தது. வீட்டை அறிந்த நிறுவனமே ஒரு பெயரில் வீட்டைத் தொலைத்தது.

வீ கதையைப் படித்ததும் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். பிறகு ஒன்று உறுத்தியது. அம்மாவை எண்ணினார்கள் என்கிறோமே, எதற்காக எண்ணினார்கள்? தூசி தட்டுகிறவளாக, மின்கட்டணம் பார்க்கிறவளாக, 'சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று அனுமதிக்கிறவளாக. பாத்திரம் துலக்குவதையும் துணி மடிப்பதையும் பகிர்ந்துகொள்ளாத வீட்டில், கையை வீசி ஆட அவளுக்கு எந்த மணி நேரம் இருக்கிறது? பெண்ணைச் சந்தையாகப் பார்ப்பது பெண்ணுக்கு நேரம் கொடுப்பது ஆகாது. விற்பனைக் கணக்கில் கருவி எத்தனை வீட்டுக்குள் போனது என்று இருக்கும். அங்கே யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று இருக்காது.

இப்போது நம் ஊரில் எந்தக் கன்சோல் அதிகம் விற்கிறது என்று கேட்டால், நேர்மையான பதில் எதுவும் இல்லை என்பதே. செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. கையில் ஏற்கெனவே இருக்கிற பொருளில் காசில்லாமல் ஆட முடிகிறபோது முப்பதாயிரத்துக்கு யார் தனிப்பெட்டி வாங்குவார்கள்? பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2 அன்று அரசு தடை செய்தபோது எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டின் அமைதி இருந்தது.

போன் என்பது கேம் பாய் போலத்தானே, யாருடைய ஹாலும் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்த போனில் என் மகளும் ஆடத் தொடங்கியிருந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பையனின் பெயர் இருந்தது. மைக் அணைக்கப்பட்டிருந்தது.

"ஏன்டா மைக் போடல?"

"போட்டா பொண்ணுன்னு தெரிஞ்சிரும்மா."

"தெரிஞ்சா என்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு நாள் கேட்டபோது, என்னென்ன சொல்வார்கள் என்று மட்டும் சொன்னாள். கெட்ட வார்த்தைகளைத் தவிர்த்துவிட்டு, முதலெழுத்துகளை மட்டும். கவிதையில் உடலைப் பற்றி எழுதியதற்காக மேடையில் என்னைத் திட்டியவர்கள் சொன்னவை அவற்றில் சில. அதன் பிறகுதான் அவள் ஸ்விட்ச் கேட்டாள். அதில் அவள் ஆட விரும்பிய ஆட்டத்தில் அந்நியர்கள் அழையாமல் வர முடியாது. வீட்டில், "இதுக்கு எதுக்கு முப்பதாயிரம்?" என்று அவள் அப்பா கேட்டார். அவருடைய பைக்குக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அவள் ஆடுவது அனிமல் கிராஸிங். ஒரு தீவு. மரம் நடலாம், பூச்செடி வைக்கலாம், வீடு கட்டலாம். 2020 மார்ச்சில் உலகமே கதவடைத்த வாரத்தில் வெளிவந்து 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. ஸ்விட்ச் பல ஊர்களில் கடையில் கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லோரும் இற்செறிக்கப்பட்ட காலத்தில் உலகம் சிற்றில் கட்ட ஆசைப்பட்டது. ஒரு கருவிக்கு ஒரே தீவுதான். முதலில் தொடங்குகிறவரே அந்தத் தீவின் பிரதிநிதி. மற்றவர்கள் குடியிருக்கலாம், பெரிய முடிவுகளை எடுக்க முடியாது. இந்த முறை முதல் ஆள் என் மகள்.

பொங்கல் விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அம்மாவும் வந்திருந்தாள். தம்பி மகனுக்கு ஒன்பது வயது. மகள் அவனுக்கும் தீவில் ஒரு கூடாரம் போட்டுக்கொடுத்து இரண்டாவது கண்ட்ரோலரைக் கையில் தந்தாள். கொஞ்ச நேரத்தில் அலறல். அவன் பூச்செடிகளின் மேலேயே ஓடி இதழ்களை உதிர்த்து, மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே. வருஷாவருஷம் நான் வகுப்பில் நடத்துவது நினைவுக்கு வந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று. பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டுவார்கள், ஆண் பிள்ளை காலால் அழிப்பான், அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அவளுடைய ஆட்டத்தை அழிப்பதே அவனுடைய ஆட்டம். அதைப் பக்திச்சுவை, குறும்பு என்று இருபது ஆண்டுகளாக விளக்கியிருக்கிறேன்.

அடுக்களையிலிருந்தே நான் குரல் கொடுத்தேன்: "சின்னப் பையன்டா, விட்டுக்கொடு. அவன் ஆடட்டும், நீ வந்து இந்த வெங்காயத்தை உரி."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மகள் எழுந்து வரவில்லை. "வெங்காயம் அவனும் உரிக்கலாம்மா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா ஹாலுக்குப் போய்ப் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ட்ரோலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஆரம்பிக்கிற பட்டன் எது?"

"எதுக்குப் பாட்டி?"

"அப்போ உங்க மாமாவுக்கு ஒண்ணு வாங்கினோம்ல. ஒருநாள் மத்தியானம், எல்லாரும் போனப்புறம், வேலையெல்லாம் முடிச்சிட்டு டிவியைப் போட்டு அதை எடுத்தேன். எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன். படம் வந்து நிக்குது, ஆட்டம் வரவே இல்ல. ரெண்டு மூணு நாள் பார்த்தேன். சரி, இதெல்லாம் நமக்கு வராது போலன்னு விட்டுட்டேன்."

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்தான். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் ஜாய்ஸ்டிக் அந்த மத்தியானங்களில் எங்கே இருந்தது என்று அந்த ஹாலில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அம்மா, அதுல ஸ்டார்ட் பட்டனே கிடையாதும்மா" என்றேன். "நீ எடுத்தது ரெண்டாவது."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. "அப்படியா" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி என்ன என்பது போல.

மகள் தன் கையிலிருந்த கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்து ஒரு பட்டனின் மேல் வைத்தாள். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "போய் அணைச்சிட்டு வா" என்றேன்.